முதற் படகு

கடலில் மீன் பிடிப்போர் எல்லோரும் படகுக்கு உடையவர் அல்லர். பெரும்பாலோர் பிறர் படகிற் பங்குக்கு உழைப்பவர்கள். பத்து, பதினைந்து ஆண்டுகள் அவ்வாறு உழைத்துச் சிறிது பொருள் சேர்த்து, வீட்டு நகையையும் கூட்டுறவுச் சங்கத்துக் கடனையும் துணைக்கொண்டு, ஒரு நாள் தமக்கெனச் சிறு படகு ஒன்று வாங்குவது கடற்கரைக் குடும்பத்தின் வாழ்வில் ஒரு பெருநிகழ்ச்சியாகும். அவரவர் சமய வழக்கப்படி வழிபாடு செய்து, ஊரார் கூடி நிற்கப் படகைக் கடலில் இறக்குகிறார்கள். அந்த நாள் முதல் அம்மனிதரின் நிலை மாறிவிடுகிறது. முந்திய நாள் வரையில் தம் உயிருக்கு மட்டும் பொறுப்பாக இருந்தவர், இனித் தம்மோடு வரும் நால்வர் ஐவரின் உயிருக்கும் பொறுப்பாளர் ஆகிறார். இப்பொறுப்பை எவ்வாறு தாங்குவது என்பதைப் பற்றியே இப்போது பேச விரும்புகிறேன்.

மாணவர்களாகிய உங்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். உங்களிற் சிலர் கடற்கரையூர்களிலிருந்து வந்து படிப்பவர்கள். தந்தையோ தமையனோ படகு வாங்கும்போது பத்திரங்களைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களே. மற்றையோர்க்கும் ஒரு பயன் உண்டு. பள்ளியிற் படிக்கும் மிதத்தல் விதியும், ஈர்ப்பு மையமும், நிலக்காற்றும் கடற்காற்றும் தேர்வுத்தாளோடு முடிந்துபோகும் செய்திகள் அல்ல. நாள்தோறும் விடியற்காலையில் அவற்றை நம்பித்தான் நம் கரையோர மக்கள் கடலுக்குச் செல்கிறார்கள்.

புதிதாகப் படகு வாங்குவோர்க்கு ஒரே சொல்லில் அறிவுரை கூற வேண்டுமாயின், 'மிச்சம்' என்று கூறலாம். படகின் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே மிச்சம் வேண்டும். எண்ணெய்க் கலத்தில் மிச்சம் வேண்டும். கையிலுள்ள பணத்தில் மிச்சம் வேண்டும். வானிலையைக் கணக்கிடும்போது காலத்திலும் மிச்சம் வேண்டும். கடல் எதிர்பாராததைத் தருவது. எதிர்பாராததை ஏற்றுக்கொள்வதற்கு இடம் விட்டு வைத்தவரே அதில் நெடுநாள் தொழில் செய்கிறார்.

முதலிற் படகின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். நம் கரையின் பழைய கலம் கட்டுமரம். இலேசான மரக்கட்டைகளைக் கயிற்றாற் பிணைத்து அமைப்பது அது. கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர வைப்பார்கள். கட்டுமரத்துக்கு உள்ளிடம் என்பது இல்லை. அலை மேலே ஏறும். இடுக்குகளின் வழியே இறங்கிவிடும். மரம் தானே மிதக்கும் பொருள் ஆதலால், அது கவிழ்ந்தாலும் மூழ்குவதில்லை. கவிழ்ந்ததை நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். ஆங்கிலத்திலுள்ள 'கேட்டமரான்' என்னும் சொல் இதிலிருந்து போனதே. ஆனால் அங்கு அது இன்று இரட்டை உடல் கொண்ட வேறொரு கலத்தைக் குறிக்கிறது.

இன்று பலர் வாங்கும் முதற் படகு கண்ணாடியிழைப் படகு. மீனவர் வழக்கில் 'ஃபைபர்' படகு. 1979ஆம் ஆண்டு உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அலை மோதும் மணற்கரையில் இறக்கி ஏற்றத்தக்க சிறு படகுகளை உருவாக்கும் சோதனைகள் அத்திட்டத்தில் நடைபெற்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் எண்ணற்ற கலங்கள் அழிந்தபின், அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகளே நிரப்பின. கட்டுமரத்தில் வளர்ந்தவர் ஃபைபர் படகுக்கு உடையவர் ஆகும்போது மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. கட்டுமரத்தில் நீர் வந்தால் போய்விடும். படகில் நீர் வந்தால் தங்கிவிடும். கண்ணாடியிழை தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தி உடையது. உள்ளே நீர் நிறைந்தால் அது மரத்தைப்போல் மிதக்காது, கீழே போய்விடும்.

ஆகையால், படகு வாங்குவோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "நீர் நிறைந்தாலும் இது மிதக்குமா?" என்பதே. அணியத்திலும் பின்புறத்திலும், இருக்கைகளின் அடியிலும் நீர் புகாத அறைகள் அமைத்து நுரைப்பொருள் நிரப்பிய படகுகள் உண்டு. ஒரு கன மீட்டர் அளவுள்ள அத்தகைய அறை ஏறத்தாழ ஒரு டன் எடையைத் தாங்கி நிற்கும். இடம் வீணாகிறது என்று எண்ணி அந்த அறையை வெட்டித் திறந்து வலையையும் கயிற்றையும் திணிப்பது பெருந்தவறு. வெறுமையாகத் தோன்றும் அந்த இடந்தான் ஆபத்துக் காலத்தில் ஐந்து பேர் பற்றிக்கொள்ளும் தெப்பம்.

பழைய படகை வாங்குவோர் வண்ணப்பூச்சைக் கண்டு மயங்கலாகாது. சிறு மரச்சுத்தி ஒன்றாற் படகின் உடலைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடத்தில் ஒலி தெளிவாகக் கேட்கும். இழையடுக்குகள் பிரிந்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். மணலில் இழுபடும் அடிப்பகுதி, இயந்திரம் பொருத்தும் பின்பலகை, பலகையும் உடலும் சேரும் மூலைகள் ஆகியவற்றைச் சிறப்பாகப் பார்த்தல் வேண்டும். மரப்படகாயின் எதிரி வேறு. கடல் நீரில் வாழும் மரந்துளைப்பான் வெளியே ஊசித்துளை போன்ற சிறு வாயை மட்டும் காட்டி, உள்ளே மரத்தைச் சல்லடையாக்கிவிடும். மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெயும் பூசி, படகை அவ்வப்போது கரையேற்றி உலர்த்துவது நம் முன்னோர் கண்ட காப்பு.

இனிச் சுமையைப் பற்றிக் கணக்கிடுவோம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீசு கண்ட விதி. கடல் நீரின் எடை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,025 கிலோகிராம். நம் படகு நீர்மட்டத்தில் 8 சதுர மீட்டர் பரப்பை அடைத்து நிற்பதாகக் கொள்வோம். அது மேலும் 1 சென்டிமீட்டர் அமிழ வேண்டுமானால் 82 கிலோகிராம் ஏற்ற வேண்டும். ஐந்து ஆட்களுக்கு 300, வலைக்கு 250, இயந்திரத்துக்கும் எண்ணெய்க்கும் 120, பனிக்கட்டிக்கும் குடிநீருக்கும் 150 என்று வைத்தால் மொத்தம் 820 கிலோகிராம். படகு 10 சென்டிமீட்டர் அமிழும். திரும்பும்போது 410 கிலோகிராம் மீன் சேர்ந்தால் இன்னும் 5 சென்டிமீட்டர். பார்வைக்கு இது சிறிய அளவே. ஆயினும் அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுமா விழாதா என்பதை அந்த ஐந்து சென்டிமீட்டரே தீர்மானித்துவிடலாம். மிகுதியான மீன் கிடைத்த நாளே மிகுதியான ஆபத்துள்ள நாள் என்று சொல்வது இதனாலேதான்.

உள்ளே தேங்கும் நீர் வெறுஞ் சுமை மட்டும் அன்று. 6 சதுர மீட்டர் அடித்தளத்தில் 5 சென்டிமீட்டர் உயரம் நீர் நின்றால் அதன் எடை ஏறத்தாழ 300 கிலோகிராம். படகு ஒரு பக்கம் சாயும்போது அந்த நீர் முழுவதும் அப்பக்கமே ஓடும். ஐந்து பேர் ஒருசேர எழுந்து ஒரே விளிம்புக்கு ஓடுவதற்கு ஒப்பானது அது. படகு நிமிர முயலும் வேளையில் நீர் அதை அழுத்திப் பிடிக்கிறது. ஆதலின், நீர் இறைக்கும் கலம் ஒன்று கயிற்றாற் கட்டப்பெற்று எப்போதும் படகில் இருக்க வேண்டும்; சிறிது நீர் சேர்ந்தவுடனே இறைத்துவிட வேண்டும். நனைந்த வலையை ஒரு பக்கத்தில் மலைபோற் குவிப்பதும், வலையிழுக்கையில் எல்லோரும் ஒரே விளிம்பில் நிற்பதும் இவ்வகையில் தீமை பயப்பனவே. கனமான பொருள்கள் தாழ்வாகவும் நடுவிலும் இருப்பின் ஈர்ப்பு மையம் தாழ்ந்து படகு உறுதியாக நிற்கும்.

சிறு படகுக்கு நடுக்கடலைக் காட்டிலும் அஞ்சத்தக்க இடம் கரையோரம். அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காக ஆழம் குறையும்போது அலை உடைகிறது. ஒரு மீட்டர் அலையாயின், இடுப்புக்குச் சற்று மேற்பட்ட ஆழத்திலேயே உடைந்து விழும். உடையும் அலை படகின் பின்புறத்தைத் தூக்கினால் அணியம் நீரிற் குத்தும். படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிடும். அலைகள் கூட்டங் கூட்டமாக வருவன. பெரிய அலைகள் சில வந்தபின் சிறிது ஓய்வு உண்டு. அந்த ஓய்வைக் கண்டறியும் வரையில் வெளியே பொறுத்து நின்று, பிறகு ஓர் அலையின் முதுகைப் பற்றி, அதை முந்தாமலும் பின்னால் வரும் அலைக்கு அகப்படாமலும் கரை சேர வேண்டும். ஆற்று முகத்துவாரங்களில் நீர் வற்றும் வேளையில், வெளியேறும் ஓட்டமும் உள்வரும் அலையும் மோதிக் கொந்தளிக்கும். அவ்வேளையில் நுழையாமை நலம். கரை கடக்கும்போது எல்லோரும் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவனுக்கு எதற்கு என்று சிலர் நகைப்பதுண்டு. தலையில் அடிபட்டு நினைவிழந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இயந்திரத்தைப் பற்றி இனிச் சொல்வேன். பாய்மரக் காலத்தில் காற்றே நேரங்காட்டியாக இருந்தது. இரவிலும் விடியலிலும் நிலத்திலிருந்து வீசும் காற்று படகை வெளியே கொண்டு சென்றது. நண்பகலுக்குப்பின் கடலிலிருந்து வீசும் காற்று கரைக்குக் கொண்டு வந்தது. இயந்திரம் வந்தபின் அக்கட்டுப்பாடு நீங்கிற்று. அதனால் வேறொரு கட்டுப்பாடு தேவையாயிற்று. எண்ணெயை மூன்று பங்காக எண்ணிக்கொள்ள வேண்டும். 30 லிட்டர் இருந்தால் போவதற்கும் மீன் தேடுவதற்கும் 10, திரும்புவதற்கு 10, எதிர்க்காற்றுக்கும் எதிர்நீரோட்டத்துக்கும் 10. முதற் பத்து முடிந்ததும், மீன் கிடைத்தாலும் கிடையாவிட்டாலும், அணியத்தைக் கரைப்பக்கம் திருப்பிவிட வேண்டும். இன்னும் சிறிது தொலைவு சென்றாற் கிடைக்கும் என்னும் ஆசைக்கு மூன்றாவது பங்கைத் தருவோர், இயந்திரம் நின்றபின் துடுப்பைத் தேடுவர். அத்துடுப்பையும் பாயையும் இயந்திரம் உண்டென்று கரையில் விட்டுச் செல்லலாகாது.

உப்புநீர் உலோகத்தைத் தின்னும். பித்தளையும் எஃகும் கடல் நீரில் ஒன்றையொன்று தொட்டு நின்றால் சிறு மின்கலம் ஒன்று உண்டாகி எஃகு கரைந்துபோகும். இதனால்தான் வெளியே பொருத்தும் மோட்டார்களில் துத்தநாகம் போன்ற உலோகத்தாலான துண்டு ஒன்றைப் பொருத்துகிறார்கள். மற்றவற்றின் பொருட்டு அது தான் கரைகிறது. பாதிக்கு மேல் கரைந்தால் அதை மாற்ற வேண்டும். அதன்மேல் வண்ணம் பூசினால் அது தொழில் செய்யாது. ஒவ்வொரு முறையும் கரை சேர்ந்ததும் நன்னீரை இயந்திரத்தினுள் ஓட்டிக் கழுவ வேண்டும். எண்ணெயை வடிகட்டியே ஊற்ற வேண்டும்; நடுக்கடலில் இயந்திரத்தை நிறுத்திவிட எண்ணெயிற் கலந்த சிறிதளவு நீரே போதும். சுக்கானைப் பிடிப்பவர் மோட்டாரின் நிறுத்துக்கயிற்றைத் தம் கையிற் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் இயந்திரம் நின்றுவிடும். இன்றேல் ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து விழுந்தவரையே தாக்கும்.

பணத்திலும் மிச்சம் வேண்டும் என்றேன். படகின் விலையை மட்டும் கணக்கிட்டுக் கடன் வாங்குவோர் பலர். வலை, இயந்திரம், பனிப்பெட்டி, நங்கூரம், கயிறு, விளக்கு ஆகியவை சேர்ந்தால் செலவு படகின் விலையோடு போட்டியிடும். கை முழுதும் கடனாய்விட்ட நிலையில், மீன் வணிகரிடம் முன்பணம் பெறுகிறார்கள். முன்பணம் கொடுத்தவரிடமே மீனைக் கொடுக்க வேண்டும். அவர் சொல்வதே விலையாகும். படகு தம்முடையது, ஆனால் மீன் தம்முடையது அன்று என்னும் நிலை அப்போது உண்டாகிறது. பெரிய படகைக் கடனில் வாங்குவதினும், வலைக்கும் ஓரிரண்டு மாதச் செலவுக்கும் பணம் எஞ்சும்படியாகச் சிறிய படகை வாங்குவது அறிவுடைமை. கடலில் கிடைத்த வருவாயில் எண்ணெய், பனிக்கட்டி, உணவு முதலிய செலவுகளைக் கழித்து, மீதியைப் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்கிடுவது நம் கரைகளின் வழக்கம். பங்கின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். படகுக்கு வரும் பங்கு உடையவரின் ஊதியம் அன்று. அதிற் பெரும்பகுதி பழுதுபார்க்கவும் அடுத்த இயந்திரம் வாங்கவும் உரியது. அதை வீட்டுச் செலவில் உண்டுவிட்டால் சில ஆண்டுகளிற் படகையே உண்டுவிட்டவர் ஆவோம்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் கடன். படகைப் பதிவு செய்து எண்ணைத் தெளிவாக எழுத வேண்டும். காப்பீடு செய்ய வேண்டும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை அடுத்துள்ள நீர்ப்பரப்பு விசைப்படகுகளுக்கு விலக்கப்பட்டு, மரபுவழிக் கலங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தம் படகு எந்த வகையைச் சேர்ந்தது, எந்த விதி அதற்குப் பொருந்தும் என்பதை மீன்வளத்துறை அலுவலகத்திற் கேட்டுத் தெரிந்துகொண்டே தொழிலைத் தொடங்க வேண்டும். பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் தொழில் செய்வோர், 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வகுக்கப்பெற்ற இந்திய இலங்கைக் கடல் எல்லையை ஜி.பி.எஸ். கருவியிற் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நீரின்மேல் கோடு தெரிவதில்லை, நீரோட்டமோ ஓய்வதில்லை.

இறுதியாக வானிலை. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயற்கூண்டின் எண்கள் 1 முதல் 11 வரை செல்வன. 1, 2 ஆகியவை தொலைவில் கடலில் உருவாகும் புயலை அறிவிப்பன. துறைமுகத்துக்கு அப்போது ஊறில்லை. அதனால் கரையில் நிற்போர் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. சிறு படகுக்கோ அந்தத் 'தொலைவே' தொழில் செய்யும் இடமாக இருக்கக்கூடும். எண் உயரும் வரையில் காத்திருப்பது அதற்கு ஏற்றதன்று. பதினொன்றாம் எண் புயலின் வலிமையைக் குறிப்பதன்று. வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் 'ஒக்கி' விரைந்து வலுப்பெற்றபோது, ஏற்கெனவே கடலிலிருந்த பலருக்குச் செய்தி எட்டவில்லை. பலர் திரும்பி வரவே இல்லை. எச்சரிக்கை புறப்படுமுன் கேட்கப்பட வேண்டும். கடலிலிருக்கும்போதும் அது வந்து சேர வழி வேண்டும். வானொலியின் வானிலை அறிக்கையும், ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலைநிலை அறிவிப்பும் அன்றாடம் கிடைப்பன. கைபேசியின் எல்லை கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே முடிந்துவிடும். ஆதலின் வி.எச்.எஃப். வானொலிக் கருவி ஒன்றும், ஆபத்துக் குறி அனுப்பும் கருவி ஒன்றும் படகில் இருப்பது செலவன்று, கடமை. கடற்காற்றின் மணத்தையும் மேகத்தின் நிறத்தையும் கண்டு வானிலை கூறும் முதியோரின் அறிவையும் இகழ்தல் கூடாது. கருவியும் முதியவரும் மாறுபடக் கூறினால், போக வேண்டாம் என்று சொல்பவர் பக்கம் நிற்பதே முறை.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டிற் படகு வாங்கினால், கோடிட்ட குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் பதிவும் காப்பீடும் எந்த நாளிற் புதுப்பிக்கத்தக்கவை என்பதை எழுதுங்கள். இன்னொரு பக்கத்தில் வரவு, செலவு, படகுக்கென ஒதுக்கிய தொகை. மற்றொன்றில் இயந்திரம் பழுதுபார்த்த நாள்கள். நான்காவது பக்கம் ஒவ்வொரு பயணத்துக்கும் உரியது: யார் யார் சென்றனர், எத்தனை மணிக்குப் புறப்பட்டனர், எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு, எவ்வளவு எண்ணெய், எந்த நேரத்துக்குள் திரும்புவர். படகு குறித்த நேரத்தில் வாராவிடின் என்ன நேர்ந்ததோ என்று ஊரே கலங்கி நிற்கும். அவ்வேளையில் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண்ணை அழைத்து, தேட வேண்டிய திசையைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவரே. அந்தப் பக்கம் தேவைப்படாத பயணங்களே உங்கள் வீட்டுப் படகுக்கு வாய்க்குமாக. ஆயினும் ஒரு நாளும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.